மனகோலமும் ஆச்சி படமும்

மதுரையில் நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு ஒரு பலகாரப் பெட்டியும் கொடுத்தார்கள். மூடியில் வைரத்தோடு போட்ட ஒரு வயதான அம்மாளின் படம், கீழே ‘ஆச்சி கைப்பக்குவம்’ என்று கொட்டை எழுத்து. உள்ளே செட்டிநாட்டு மனகோல உருண்டைகள். பல் பட்டதும் கடக்கென்று உடைந்து, வெல்லம் மெல்லக் கரைந்து, கடைசியில் ஒரு பல் தேங்காய் அகப்பட்டது. பக்கத்தில் இருந்த காரைக்குடி நண்பர், “இது எங்க தெருவுக்குப் பின்னாடிதான் தயாராகுது” என்றார். “ஆச்சி வீட்லயா?” என்று கேட்டேன். “வந்து பாருங்க” என்றார்.

காரைக்குடிக்கு வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல் பாவிய முகப்பையும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் போனது ஒரு சிறிய ஓட்டு வீடு. பின்னால் தகரக் கொட்டகை, இரண்டு மண் அடுப்பு, சுவரோரம் சீமைக்கருவை விறகு. அறுபதைத் தாண்டிய ஓர் அக்கா, அவருடைய மருமகள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. மூன்று பேரும் செட்டியார் வீட்டுப் பெண்கள் இல்லை. அக்கா பதின்மூன்று வயதில் ஓர் ஆச்சி வீட்டுக்குக் கைவேலைக்குப் போனவர்.

பச்சரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்ந்த மாவைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, எண்ணெயில் சுட்டெடுத்து, ஆறவிட்டு ஒடிக்கிறார்கள். முறுக்கு சுடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. எனக்குமே அந்த நேரம் கொட்டாவிதான் வந்தது. பொட்டுக்கடலை, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், ஏலக்காய் எல்லாம் ஒடித்ததோடு கலந்து பெரிய தாம்பாளத்தில் காத்திருந்தன. அக்கா வெல்லப்பாகுப் பக்கம் உட்கார்ந்ததும்தான் கொட்டகையில் பேச்சு நின்றது.

மனகோலத்தின் உயிர் பாகில் இருக்கிறது. இளம்பாகாக இறக்கினால் நாலு நாளில் நமுத்துவிடும். முற்றவிட்டால் உருண்டை பிடிக்கும் முன்பே கல்லாகிவிடும். அக்கா ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாகை விட்டு, விரலால் திரட்டி, ஒரு பித்தளைத் தட்டில் எறிந்தார். சப்பென்று விழுந்தது. விறகை இழுத்துத் தணலைக் குறைத்தார். மறுபடி ஒரு சொட்டு. இந்த முறை டக்கென்றது. “இன்னும் ஒரு கொதி” என்றார். அடுத்தது டங்கென்று கேட்டதும் உருளி கீழே இறங்கிவிட்டது.

“எவர்சில்வர் தட்டு வேணாமா அக்கா? அது இன்னும் நல்லா சத்தம் போடுமே.”

“அது எதைப் போட்டாலும் சத்தம் போடும் தம்பி. பித்தளைதான் பொய் சொல்லாது.”

அந்தத் தட்டின் நடுவில் சின்னச் சின்னக் குழிகள். ஆச்சி வீட்டில் பழைய பாத்திரம் கழித்தபோது கேட்டு வாங்கி வந்ததாம். முதல் சில வருஷம் அவரைப் பாகுப் பக்கமே விடவில்லை. இரண்டாம் கட்டுக்கு அந்தப் பக்கம் அம்மியிலும் உரலிலும்தான் வேலை. “பார்த்து எங்க கத்துக்கிறது? காதுலதான் கத்துக்கிட்டேன். உள்ளே தட்டுல விழுற சத்தம் கேட்கும். ஆச்சி சரின்னு சொல்றதுக்கு முன்னாடி நான் மனசுக்குள்ள சரின்னு சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் ஆச்சிக்குக் கண்ணு தெரியலைன்னு ஆனப்ப, ஏ புள்ள, நீ உக்காருன்னாங்க.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமையை எந்தப் பெட்டியின் மேலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

மேல்நாட்டு மிட்டாய்க்காரர்கள் இதற்கு வெப்பமானி வைத்திருக்கிறார்கள். சர்க்கரைப் பாகு 115 டிகிரி செல்சியஸ் அருகில் மெத்தென்று உருளும். 121 டிகிரியைத் தாண்டினால் கெட்டி உருண்டையாகத் திரளும். சூடு ஏற ஏறப் பாகில் தண்ணீர் குறைகிறது என்பதுதான் சங்கதி. ஆனால் வெல்லம் ஒரே சீரான சரக்கு இல்லை. புது வெல்லம் ஒரு மாதிரி, மழைக்காலத்தில் இளகிப்போன வெல்லம் வேறு மாதிரி. ரசாயனம் போட்டு வெளுத்து, மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தை அக்கா வாங்குவதே இல்லை. கொஞ்சம் கறுத்த மண்டை வெல்லம்தான். அதையும் கரைத்து வடிகட்டினால் துணியில் மண் நிற்கிறது.

பாகைக் கொட்டிக் கிளறியதும் கொட்டகை பரபரத்தது. மூன்று பேரும் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூடு ஆறும் முன்பு உருட்டித் தள்ளினார்கள். ஒன்றை நானும் உருட்டப் போய், உள்ளங்கை சுட்டு உதறினேன். மருமகள் சிரித்தாள். உருளியில் ஒட்டிய பாகைச் சுரண்டித் தின்னத் தெருப் பிள்ளைகள் நாலு பேர் எங்கிருந்தோ வந்து நின்றார்கள். ஆர்டர் இல்லாத நாளில் அக்கா என்ன செய்வார் என்று கேட்டேன். “பேத்திக்குக் கருப்பட்டிப் பணியாரம் ஊத்துவேன். அதுக்குக் கணக்கு வழக்கு கிடையாதுல்ல, வேணுங்கிற நெய்யை ஊத்தலாம்.” சொல்லிவிட்டு, முந்தின நாள் கிண்டிய கவுணி அரிசியில் தேங்காய்த் துருவல் தூவி எனக்கு ஒரு கிண்ணம் தந்தார். அந்த ஊரில் பெரிய உணவகங்களிலும் கவுணி அரிசி தின்றிருக்கிறேன். இந்த ருசி அங்கே இல்லை.

செட்டிநாட்டுப் பலகாரம் பெரும்பாலும் ஈரம் வற்றியது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தொழில் செய்யக் கப்பலேறிய ஆண்களோடு அதுவும் கெடாமல் போனது. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழில் ஆட்டம் கண்டது. 1960களில் அங்கே வந்த தேசியமயத்தோடு பல குடும்பங்களுக்கு மிச்சமும் போயிற்று. பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அடுப்படிப் பக்குவம் மட்டும் ஆச்சிகளிடமிருந்தும், அவர்களிடம் வேலை பார்த்த இந்தப் பெண்களிடமிருந்தும் விலைக்கு வந்தது.

யார் விலைக்கு? அக்காவுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு என்று சொன்னார். எழுத வேண்டாம் என்றும் சொன்னார், அடுத்த ஆர்டர் வராதாம். சரக்கெல்லாம் ஆர்டர் எடுக்கிறவர் தருகிறார். விறகு அக்காவுடையது, கொட்டகை அக்காவுடையது, சுட்டுக்கொள்ளும் கை அக்காவுடையது. பெட்டி, படம், பதிவு எண் ஆர்டர் எடுக்கிறவருடையவை. உருண்டை உடைந்தால் கூலியில் பிடித்தம் வேறு. மதுரையிலும் சென்னையிலும் அந்தப் பெட்டி விற்கும் விலையைக் கேட்டு மருமகள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஆர்டர் எடுக்கிறவருக்கு வாடகை, வண்டிச் செலவு, கடன் நிற்பது எல்லாம் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் பாகு இறக்கத் தெரியாத ஒருவருக்கு இவ்வளவு, தெரிந்தவருக்கு அவ்வளவுதான் என்றால் அது வியாபாரமா, வேறேதாவதா?

மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதற்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் கிடைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் குறியீடு ஊர்ப் பெயரைத்தான் காக்கும், அடுப்படியில் உட்காருகிறவரின் கூலியை அதனால் கூட்டித் தர முடியாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 2011ஆம் ஆண்டு விதிகள் சிறு தயாரிப்பாளர் சொந்தப் பெயரில் விற்க வைத்த பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. காரைக்குடி நண்பர் அன்றே மருமகளின் கைபேசியில் விண்ணப்பத்தைத் திறந்து கொடுத்துவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்குப் பலகாரம் சொல்லப் போகிறவர்கள் பெட்டியின் மேல் இருக்கும் படத்தோடு நின்றுவிடாமல், பாகு இறக்குவது யார் என்று கேளுங்கள். சொல்ல மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். முடிந்தால் காரைக்குடிக்கு ஒரு நடை போய், செய்கிறவர் கையிலேயே முன்பணம் கொடுங்கள். ஐப்பசி முகூர்த்தம் என்றால் ஆவணியிலேயே போய்விடுங்கள். தீபாவளி நெருங்கினால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.