வாசல் இரண்டு

கல்லணையில் நீர் நான்காகப் பிரிகின்றது: காவிரி, வெண்ணாறு, புதாறு எனப்படும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். நீர் எத்துணை மிகுதியாக வரினும், வழி மாறி இறங்கினால் கடைமடைப் பயிர் வாடும். தஞ்சை மண்ணில் பிறந்தோர் அனைவரும் அறிந்த இவ்வுண்மையை, ஒரு கணிப்பொறி எனக்கு மீண்டும் கற்பித்தது.

நான் பணியாற்றும் கல்வி நிறுவனத்தின் சர்வரைப் பேணும் பொறுப்பு என்னுடையது. சாலை தோண்டும்போதெல்லாம் கம்பி அறுந்து இணைய இணைப்பு நின்றுவிடும். ஆதலால் வேறொரு நிறுவனத்திடம் இரண்டாம் இணைப்பும் பெற்றோம். இரு முகவரிகளையும் பதிவு செய்தோம். அன்று முதல் தொல்லை தொடங்கிற்று. சிலருக்கு விண்ணப்பப் பக்கம் திறந்தது, சிலருக்குத் திறக்கவேயில்லை. கடைசி நாளுக்கு மூன்று நாள்களே இருந்தன. கடைமடைச் சிற்றூரிலிருந்து ஒரு தந்தை, மகளின் மதிப்பெண் பட்டியலுடன் பேருந்தேறி நேரிலேயே வந்துவிட்டார்.

புதிய இணைப்பே பழுது என்று முடிவு கட்டினேன். அந்நிறுவன ஊழியரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவரோ, "ஐயா, எங்கள் கம்பியில் குறையில்லை, வருவதையும் போவதையும் ஒருமுறை பாருங்கள்" என்று மட்டும் கூறிச் சென்றார்.

அன்றிரவு 'டிசிபிடம்ப்' என்னும் கருவியால் பார்த்தேன். இரண்டாம் வாசல் வழியே கேள்விகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. விடைகளோ முதல் வாசல் வழியே வெளியேறின! சர்வர், விடை எங்கே செல்லவேண்டும் என்பதை மட்டுமே நோக்கும். கேள்வி எவ்வழி வந்தது என்பதை நோக்காது. பொதுவழி ஒன்றே குறிக்கப்பட்டிருந்தமையால் எல்லா விடையும் அதிலேயே சென்றன. தனக்குரியதல்லாத முகவரியைத் தாங்கி வந்த விடைகளை முதல் நிறுவனம் தடுத்துவிட்டது. அதுவும் குற்றமன்று. போலி முகவரிகளைத் தடுக்கும் பொருட்டு, 2000ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 2827 என்னும் ஆவணம் பரிந்துரைத்த காவல் முறையே அது. பிழை என்னுடையது.

லினக்ஸ் 1999ஆம் ஆண்டின் 2.2 பதிப்பு முதலே பல வழி அட்டவணைகளுக்கு இடம் தருகின்றது. இணைப்புக்கு ஓர் அட்டவணை அமைத்து, அதனதன் வாயிலை அதில் குறித்தேன். முதல் முகவரியிலிருந்து செல்வது முதல் அட்டவணைப்படியும், இரண்டாம் முகவரியிலிருந்து செல்வது இரண்டாம் அட்டவணைப்படியும் செல்க என இரு விதிகள் எழுதினேன். மின்சாரம் நின்று மீண்டாலும் மறையாதிருக்க, அவற்றைத் தொடக்கக் கோப்பிலும் சேர்த்தேன். மதகுக்கு மதகு தனி வாய்க்கால், அவ்வளவே!

விடிந்ததும் இரு வழியிலும் பக்கம் திறந்தது. அச்சிற்றூர்ப் பெண்ணின் விண்ணப்பமும் பதிவாயிற்று. ஆயினும் ஒரு கடன் எஞ்சியிருந்தது. அவ்வூழியரை அழைத்து, முன்னர்க் கடிந்துகொண்ட அதே அவையில் மன்னிப்புக் கேட்டேன். அவர் புன்னகைத்து என் கையைப் பற்றிக்கொண்டார்.

காதில் விழும் செய்தியைத் தெளிவுற விசாரித்த பின்னரே முடிவு செய்யவேண்டும் என்பது நம் மார்க்கம் தரும் படிப்பினை. மாணவச் செல்வங்களே, கருவியைப் பழிக்குமுன், மனிதரைப் பழிக்குமுன், நாம் அமைத்த வழியை ஒருமுறை பார்ப்போம்.