சேதாரக் கணக்கு

ஓர் அறைக்கு எத்தனை கல் வாங்குவது என்பது வெறும் பெருக்கல் சமாச்சாரம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நீளத்தை அகலத்தால் பெருக்கி, பெட்டிக்கு இத்தனை சதுர அடி என்று வகுத்தால் விடை வந்துவிடும். அறை செவ்வகமாக இருக்கும் பட்சத்தில் இது ஏறக்குறைய சரி. பழைய வீடுகளில் அப்படி இருப்பதில்லை. கணக்குக்கும் வீட்டுக்கும் நடுவே விழுகிற வித்தியாசத்தை நகைக்கடைச் சொல்லால் சேதாரம் என்கிறார்கள். வீணாவது என்று அர்த்தம். எனக்கு அந்த அர்த்தத்தில் சம்மதம் இல்லை.

இலத்தூரில் எங்கள் வீட்டின் முன்னறைக்கு மூன்று தரைகள் உண்டு. முதலில் மண் தரை. வெள்ளிக்கிழமைதோறும் சாணி மெழுகியது. அதற்கு மதிப்பீடு கிடையாது. போதாவிட்டால் இன்னொரு கை கரைத்துக்கொள்வார்கள். அடுத்து சிவப்பு சிமெண்ட் தரை. அதற்கு மூட்டைக் கணக்கும் சாயப்பொடிக் கணக்கும் இருந்தன. மிஞ்சினால் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போகும். சாரல் காலத்து ஈரம் வெடிப்புகளில் ஏறிப் பெயர்க்கத் தொடங்கியபின் மூன்றாவதாக டைல்ஸ். எண்ணி வாங்கவேண்டிய தரை இதுதான்.

அறையின் நீளம் 21 அடி 3 அங்குலம். அகலம் தெருப்பக்கம் 16 அடி 4 அங்குலம், கிணற்றுப்பக்கம் 15 அடி 10 அங்குலம். சராசரி எடுத்தால் பரப்பு சுமார் 342 சதுர அடி. இரண்டடிக் கல் நான்கு கொண்ட பெட்டி 16 சதுர அடி என்று வைத்தால் 22 பெட்டி போதும். ஆனால் இரண்டடிக் கல் என்பது இரண்டடி இல்லை. அது 600 மில்லிமீட்டர், 23.6 அங்குலம். ஆகவே பெட்டிக்கு 15.5 சதுர அடிதான் தேறும். ஒரு கல்லைக்கூட வெட்டாமலேயே 22 பெட்டி தட்டிப்போகிறது.

"பரப்ப வச்சு வாங்காதீய அண்ணாச்சி, வரிசைய வச்சு வாங்குங்க" என்றார் கொத்தனார். அகலத்தில் முழுக்கல் எட்டு, நீளத்தில் பதினோரு வரிசை; ஆக 88. கடைசி வரிசையில் ஒவ்வொரு கல்லிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாகம் வெட்டுப்படும். பக்கச்சுவரை ஒட்டி, தெருப்பக்கம் ஏழு அங்குலத்தில் தொடங்கிக் கிணற்றுப்பக்கம் ஒரு அங்குலமாய்த் தேய்கிற ஆப்பு வடிவ இடைவெளிக்கு மூன்று கல். சுவரடியில் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு ஏழு. மொத்தம் 98, அதாவது 25 பெட்டி. உடைவதற்கும் பின்னாளைக்கும் நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 108, 27 பெட்டி. ஒரே அறைக்கு 22, 25, 27 என்று மூன்று விடைகள்.

அந்த ஆப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். கொத்தன் கைப்பிழை அல்ல. தாத்தாவும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது, கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது என்று எழுதி, அந்தப் பக்கத்திலிருந்தும் வாளி இறக்க இடம் வேண்டுமென்று நடுச்சுவரை ஆறு அங்குலம் உள்ளே சாய்த்துக் கட்டினார்கள். மூலைமட்டத்தை வைத்தால் கோணல் தெரிகிறது. பத்திரத்தைப் படித்தால் அதுவே நேர் என்று தெரிகிறது. கல்லைக் குறுக்காகப் பதித்துக் கோணலை மறைக்கலாம். சேதாரம் இன்னும் ஏறும். "அந்தச் சுவரோரம் பத்தாயம் கெடக்குல்லா, ஒண்ணும் தெரியாது" என்று கொத்தனாரே அதை நிராகரித்தார்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. தொல்காப்பியம் இடைச்சொற்களைப் பற்றிப் பேசும்போது இசைநிறை, அசைநிலை என்ற இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. பொருளுக்காக அல்லாமல் ஓசையின் இடத்தை நிரப்ப வருகிற சொற்கள். இவற்றை அடைசல் என்று நாம் ஒதுக்கப் பழகியிருக்கிறோம். புதுக்கவிதையின் ஆரம்ப வீம்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் சுவரை ஒட்டிய வெட்டுத்துண்டைப் பார்த்தபின் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. நடுவில் கிடக்கிற எண்பத்துச் சொச்சம் முழுக்கற்களும் எந்த ஊர் எந்த வீட்டிலும் கிடக்கலாம். இந்த வீட்டுக்கு மட்டுமே பொருந்துவது அந்தத் துண்டுதான்.

இனி மிச்சம். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் வேறு லாட்டில் சுட்ட கல்லின் நிறம் சற்றே விலகும். பெட்டியில் லாட் எண் அச்சிடுவது அதற்காகத்தான். பத்து வருஷம் கழித்து ஒரு கல் பிளந்தால் ஜோடி கிடைக்காது. ஆகவே பின்னாளில் உடையப்போவதை இன்றே வாங்கவேண்டும். பெங்களூரிலிருந்து மகன் தொலைபேசியில் சொன்னான்: "இருபத்தஞ்சு போதும்ப்பா. அங்க யாரு இருக்கப்போறா, ஒட்டுப்போட?" அவன் கணக்கில் பிசகில்லை. இப்போது அந்த வீட்டில் என் தாயார் மட்டும் இருக்கிறாள். 25க்கும் 27க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு பெட்டி விலை அல்ல என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

தென்காசிக் கோயிலை 1446இல் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாட்டு ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் கோயிலுக்குப் பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவர்களைப் பணிவதாக அதில் சொல்கிறான். கட்டும்போதே இடியப்போவதையும் கணக்கில் எடுத்துக்கொண்ட அரசன். காப்பவன் தன் வம்சம் என்றுகூட அவன் நிபந்தனை போடவில்லை. பழுதுற்று நெடுங்காலம் மொட்டையாய் நின்ற ராஜகோபுரம் மறுபடி எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. எழுப்பியவர்கள் யாரும் பாண்டியர்கள் இல்லை.

27 பெட்டி வாங்கினோம். வெட்டுகையில் இரண்டு கல் உடைந்தது, எட்டு மிஞ்சியது. பெட்டியின் மேல் லாட் எண்ணைப் பெரிதாக எழுதிப் பத்தாயத்தின் பின்னால் அடுக்கியாயிற்று. மகனுக்காக என்று சொல்லமாட்டேன். அந்தத் தரையில் என்றாவது உட்கார்ந்து உடைந்த கல்லைப் பெயர்க்கப்போகிறவன் யாரோ, அவனுக்கு.