கண்ணாடி இறங்க மாட்டேங்குதா?

பழைய அம்பாசடர் வைத்திருப்பவரிடம் போய் இன்ஜின் ஆயில் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார். கதவுக் கண்ணாடிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் ஒரு விநாடி முழிப்பார். அப்புறம், "ஏதோ, கையில இருக்கிறத விடுறதுதான்" என்பார். அந்த 'ஏதோ'வில்தான் வினையே இருக்கிறது.

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஏசி இல்லாத பழைய காருக்குக் கண்ணாடிதான் ஏசி. சித்திரை வெயிலில் கண்ணாடி இறங்காத கார், சக்கரம் வைத்த இட்லிக் கொப்பரை. இறங்கினது ஏறாவிட்டால் இன்னொரு தொல்லை. முன்னால் போகிற லாரி கிளப்பும் கரிசல் புழுதி மொத்தமும் வேட்டி சட்டையில் வந்து உட்காரும்.

கதவுக்குள் இருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் சின்னப் பல்சக்கரம் ஒன்று சுற்றும். அது, விசிறி மாதிரி இருக்கும் ஒரு பல் தகட்டை நகர்த்தும். தகட்டோடு சேர்ந்த கை எழும்பி, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பட்டையில் உருண்டுகொண்டே கண்ணாடியைத் தூக்கும். கனம் தாங்க ஒரு ஸ்பிரிங். மெக்கானிக்குகள் இது மொத்தத்தையும் 'கண்ணாடி மிஷின்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கண்ணாடியின் இரண்டு ஓரமும் ஏறி இறங்குவது சேனலில். அதற்குள் ரப்பரோ, கம்பளி மாதிரி ஃபெல்ட் துணியோ ஒட்டியிருக்கும்.

ஆக, இரும்பும் இரும்பும் உரசும் இடம் ஒன்று, கண்ணாடியும் ரப்பரும் உரசும் இடம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே டப்பாவில் இருந்து எடுத்து விடுவதுதான் நம்மூர் வழக்கம். ஒர்க் ஷாப்பில் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணாச்சி, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கவே மாட்டேங்குது. கொஞ்சம் ஆயில் விடுங்க."

"ஆயில் விட்டதாலதான் தம்பி இந்தக் கதி!"

அண்ணாச்சி சொல்வது சரி. இன்ஜின் ஆயில், தையல் மிஷின் எண்ணெய் எல்லாமே பெட்ரோலியச் சரக்கு. பழைய காரின் இயற்கை ரப்பர் அதைக் குடித்து ஊதிப்போய்க் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும். ஃபெல்ட்டில் விட்டாலோ புழுதியைச் சேர்த்துக் குழைத்துவிடும். அந்தப் புழுதியில் இருக்கும் மணல் துகள், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. கண்ணாடி சுமார் 5.5 தான். பழைய கார்க் கண்ணாடிகளில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருக்கிறதே, அது இந்த மணல் போட்ட கோலம்!

இறுகின கண்ணாடியைப் பலம் கொடுத்துச் சுற்றினால் மிஷினின் பல் தேயும். உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதற்கு வெகு முன்பே நின்றவை. பல் போன மிஷினுக்கு மாற்று வேண்டுமானால் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

வேறு எண்ணெய்? மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை போட்ட ஊர் இது. விளக்கெண்ணெய் லேசுப்பட்டதல்ல, காஸ்ட்ரால் என்ற பெயரே அதன் ஆங்கிலப் பெயரில் இருந்து வந்ததுதான். இயற்கை ரப்பரையும் கெடுக்காது. அந்தக் காலத்து பிரேக் ஆயிலிலேயே சேர்த்தார்கள். ஆனாலும் பிசுபிசுப்பு பிசுபிசுப்புதானே, புழுதி ஒட்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் கைப்பிடியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

டபிள்யூடி-40 ஒன்று இருக்கிறதே என்பார்கள். 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கச் செய்தது அது. 40-வது முயற்சியில் கிடைத்ததால் அந்தப் பெயர். இறுகிப்போன திருகைக் கழற்ற அருமையான சரக்கு. பல்லுக்கு அதை மட்டும் அடித்துவிட்டுப் போனால் சீக்கிரமே பழைய கதைதான்.

பல்லுக்கும் உருளைக்கும் ஸ்பிரிங்குக்கும் சரியானது லித்தியம் கிரீஸ். முதலில் பழைய கறுப்புப் பிசினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் கழுவ வேண்டும், ரப்பரில் படாமல். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிசாகத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் கட்டியாகக் கதவின் அடியில் விழுந்து, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைக்கும். மழை குறைந்த சீமை என்பதால் இது யாருக்கும் நினைவுக்கு வராது. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழை கண்ணாடி வழியே உள்ளே இறங்கித் தேங்கினால், கதவின் அடித்தகடு துருப்பிடித்து உதிரும்.

சேனலுக்கு ஈரமே ஆகாது. பிரஷால் புழுதியைத் தட்டிவிட்டு, காய்ந்தபின் பிசுபிசுக்காத சிலிக்கான் ஸ்ப்ரே. அது கிடைக்காவிட்டால் பஞ்சர் கடையில் டியூபுக்குப் போடும் வெள்ளைப் பவுடரைக் கொஞ்சம் தூவினாலும் வழுக்கும். செலவும் கிடையாது.

சிலிக்கானில் ஒரே ஒரு வில்லங்கம். வண்டி பெயிண்டுக்குப் போகப் போகிறது என்றால் அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தகட்டில் துளி பட்டிருந்தாலும் புதுப் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி குழி குழியாக நிற்கும். பெயிண்டர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும். மற்ற நாளிலும் கதவில் நேராக அடிக்காமல், துணியில் அடித்துக்கொண்டு அந்தத் துணியைச் சேனலுக்குள் விட்டுத் தேய்ப்பதுதான் பத்திரம்.