கரண்ட் போனால் யாரைக் கேட்பது?

டிசம்பரில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் மாலை ஐந்தரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். கடிகாரம் சென்னை நேரத்தில்தான் ஓடுகிறது. சூரியன் அதைச் சட்டை செய்வதில்லை. பஜாரில் விளக்குகள் எரியத் தொடங்கும் அந்த வேளையில், மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்து மெஸ் நடத்தும் தம்பதி மறுநாள் இட்லிக்குக் கிரைண்டரைப் போடுகிறார்கள். பாதி மாவில் கரண்ட் போய்விட்டால், “என்னங்க, ஈ.பி.க்குப் போன் போட்டீங்களா?” என்பார் அந்த அம்மா. தீவில் ஈ.பி. கிடையாது என்பது அவருக்கும் தெரியும். யாருக்குப் போன் போடுவது என்பதுதான் குழப்பம்.

தமிழ்நாட்டில் குழப்பமே இல்லை. 1957-இல் மின்சார வாரியம் வந்தது. 2010-இல் அதைப் பிரித்தார்கள், 2024-இல் மறுபடியும் பிரித்தார்கள். எத்தனை துண்டானால் என்ன, மேலே மின்துறை அமைச்சர் என்று ஒருவர் இருக்கிறார். திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டுமல்லவா? 2011 சட்டமன்றத் தேர்தலில் மின்வெட்டு என்ன பாடு படுத்தியது என்பது ஊரறிந்த கதை.

அந்தமானில் சட்டமன்றம் இல்லை. ஆகவே மின்துறை அமைச்சரும் இல்லை. குடியரசுத் தலைவரின் சார்பில் துணைநிலை ஆளுநர் ஆள்கிறார். 2017-இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் முன்னாள் கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி. அவருக்குக் கீழே தலைமைச் செயலர், மின்துறைச் செயலர். பிறகு பொறியாளர் வரிசை தொடங்குகிறது: மேற்பார்வைப் பொறியாளர், செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர், கடைசியில் ஜே.ஈ. என்கிற இளநிலைப் பொறியாளர். ஹேவ்லாக்காரர்கள் நேரில் பார்த்து முறையிடக்கூடியவர் பெரும்பாலும் அந்த ஜே.ஈ.தான். மின்சாரத்தை உற்பத்தி செய்வது, கம்பியில் அனுப்புவது, பில் போடுவது எல்லாம் இந்த ஒரே அரசுத் துறையின் வேலை. வாரியமும் இல்லை, கம்பெனியும் இல்லை. பணமோ, டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் வழியாக வருகிறது.

சரி, டெல்லியில் மின்சாரத்துக்கு ஒரு தலைமை உண்டா என்றால், அங்கே கதை இன்னும் சிக்கல். ஒரு காலத்தில் எரிசக்தி அமைச்சகம் என்று ஒன்று இருந்தது. 1992 ஜூலையில் மின்சாரம் தனி அமைச்சகமாயிற்று. பின்னால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று பெயர் மாறிய துறையும் தனியே போயிற்று. நிலக்கரிக்கு ஓர் அமைச்சர், பெட்ரோலியத்துக்கு ஓர் அமைச்சர். அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில். திருச்சி தொகுதியில் வென்ற ரங்கராஜன் குமாரமங்கலம் 1998 முதல் 2000 வரை மின்துறை அமைச்சராக இருந்தார். 2014-க்குப் பிறகு பியூஷ் கோயல் மின்சாரம், நிலக்கரி, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மூன்றையும் ஒரு கையில் வைத்திருந்தார். 2024-இல் மின்சாரம் மனோகர் லால் கையிலும், சூரியசக்தி பிரகலாத் ஜோஷி கையிலும் போய்ச் சேர்ந்தன. ஆட்சிக்கு ஆட்சி சேர்ப்பதும் பிரிப்பதுமாகவே இது நடக்கிறது. நிலையாக இருப்பவை செயலரும், இணைச் செயலர்களும், மத்திய மின்சார ஆணையமும், என்.டி.பி.சி., பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும்தான்.

பவர் கிரிட்டின் கம்பி இந்தத் தீவுக்கு வராது. 2013 டிசம்பர் கடைசி நாளில் தென்னிந்தியாவும் இணைந்து, நாடு முழுதும் ஒரே கிரிட் ஆயிற்று என்று கொண்டாடினார்கள். அந்தமானும் லட்சத்தீவும் அந்தக் கணக்கில் சேரவில்லை. வேடிக்கை என்னவென்றால், இன்டர்நெட் வந்துவிட்டது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிளை 2020 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்தார். ஹேவ்லாக்கும் அதில் சேர்த்தி. சென்னைச் சீரியல் கடலுக்கடியில் வருகிறது. அதைப் பார்க்க வேண்டிய கரண்டுக்குப் பெரும்பாலும் டீசல் எரிய வேண்டும், அந்த டீசல் கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் எப்போது வரும் என்பது மின்துறைக்கும் ஒரு கவலை.

டீசலை விட்டால் என்ன இருக்கிறது? வட அந்தமானில் கல்பாங் நீர்மின் நிலையம், 5.25 மெகாவாட். தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம், பேட்டரியோடு. அதைக் கட்டியது வேறு யாருமல்ல, நம் நெய்வேலி என்.எல்.சி.தான். பழுப்பு நிலக்கரி தோண்டிய கம்பெனி தீவில் வெயிலை அறுவடை செய்கிறது. பேட்டரி எதற்கென்றால், ஐந்து மணிக்கே வெயில் இறங்கி, அதே நேரத்தில் ஹோட்டல்கள் எல்லா விளக்கையும் போடும் ஊரில், பேட்டரி இல்லாத சூரியசக்தி பாதிக் கிணறுதான்.

ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவில் சிறு பங்கைத்தான் மக்கள் கட்டுகிறார்கள். மீதி மத்திய அரசின் தலையில். 2020 மே மாதம் யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். தாத்ரா, டாமன் பக்கம் 2022-இல் கைமாறியது, சண்டிகர் 2025-இல். டீசலை நம்பி நஷ்டத்தில் ஓடும் தீவை எந்த முதலாளி ஆசையோடு வாங்குவார்?

கட்டணத்தைத் தீர்மானிக்கும் இடமும் தீவில் இல்லை. கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஹரியானாவின் குருகிராமில் இருக்கிறது. ஆனால் கட்டணத்தை மாற்றுமுன் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேருக்கு வந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், எழுந்து பேசலாம். எம்.எல்.ஏ. இல்லாத ஊரில் மின்சாரத்தைப் பற்றி அதிகாரத்தின் முகத்துக்கு நேரே பேச இருக்கும் இடம் அது. மெஸ்காரர் போக நினைப்பதுண்டு. கப்பலில் போய்த் திரும்ப ஒரு நாள் போய்விடும், அன்றைக்குக் கடையை யார் பார்ப்பது என்பார் அந்த அம்மா.