டேட்டன் நாட்குறிப்பு

அக்டோபர் 15, செவ்வாய்

சாட்டனூகாவிலிருந்து 27-ஆம் நெடுஞ்சாலையில் வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் டேட்டன் வந்துவிடுகிறது. இடப்பக்கம் வழி நெடுக வால்டன் மலை கூடவே வருகிறது. 2020 கணக்கெடுப்பின்படி ஊரில் ஏறக்குறைய 7,000 பேர். டென்னசி மாநிலத்தின் ரே கவுண்டிக்கு இதுதான் தலைமையிடம். நிலப் பத்திரம், சொத்து வரி, கல்யாண உரிமம், வழக்கு, வாய்தா என்று எதுவானாலும் கவுண்டி மக்கள் இங்கேதான் வந்தாக வேண்டும்.

நடு ஊரில் 1891-இல் கட்டிய செங்கல் கோர்ட் நிற்கிறது. மூன்று மாடி, மூலையில் மணிக்கூண்டு. காலையில் போனபோது, சேறு காயாத பூட்ஸோடு ஒருவர் கையில் வரி ரசீதை வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "வழக்கு நடந்த அறை மாடியில்" என்றார். நான் கேட்கவே இல்லை. வெளியூர் முகம் என்றால் 1925-இல் நடந்த ஸ்கோப்ஸ் வழக்குக்காகத்தான் வந்திருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கவுண்டியின் பழைய தலைமையிடம் ஆற்றங்கரையில் இருந்த வாஷிங்டன் என்னும் ஊர். ரயில் மலையடிவாரத்தோடு போனதால் ஜனமும் வியாபாரமும் டேட்டனுக்கு நகர்ந்தன. கோர்ட்டும் பின்னாலேயே வந்தது. தண்டவாளம் எந்தப் பக்கம் போகிறது என்பதே ஓர் ஊரின் ஆயுளைத் தீர்மானித்த காலம் அது.

அக்டோபர் 16, புதன்

இரண்டாம் மாடி அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீதிபதியின் மேசை, ஜூரி நாற்காலிகள், பார்வையாளர் இருக்கைகள் எல்லாம் பழையவைதான். 1925 ஜூலை 10 முதல் 21 வரை ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் இங்கேதான் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்றது அந்த ஆண்டு மார்ச்சில் வந்த பட்லர் சட்டம். தவறான சட்டம். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

ஆனால் வழக்கு இந்த ஊருக்கு வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தை எதிர்த்துச் சோதனை வழக்கு நடத்த முன்வரும் ஆசிரியருக்குச் செலவைத் தாங்கள் ஏற்பதாக அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கம் அறிவித்தது. சாட்டனூகா செய்தித்தாளில் அதைப் படித்தவர், நொடித்துப்போன நிலக்கரிக் கம்பெனியின் சொத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ராப்பல்யே. அவருக்கும் அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. ராபின்சன் மருந்துக்கடையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலைந்து பேர் பேசினார்கள். கடைக்காரர் ராபின்சனே பள்ளி வாரியத் தலைவர், பாடப்புத்தகமும் அவர் கடையில்தான் விற்றது. டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஸ்கோப்ஸைக் கூப்பிட்டனுப்பிச் சம்மதம் வாங்கினார்கள். அந்தப் பாடத்தை நடத்தினோமா என்பது அவருக்கே உறுதியாக நினைவில்லை. இப்படியொரு வழக்கு வந்தால் ஊரின் பெயர் நாடெங்கும் தெரியும், நாலு காசு புழங்கும் என்று அவர்கள் நம்பினார்கள்.

பெயர் தெரிந்தது. அரசுத் தரப்பில் மூன்று முறை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோ. சிகாகோ வானொலி நிலையம் விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. கூட்டமும் வெக்கையும் தாங்காமல், தளம் இற்றுவிடுமோ என்ற பயமும் சேர, ஜூலை 20 அன்று நீதிபதி ரால்ஸ்டன் விசாரணையை வெளியே புல்வெளிக்கு மாற்றினார். டாரோ பிரையனையே கூண்டிலேற்றிக் கேள்வி கேட்டது அங்கேதான். மறுநாள் தீர்ப்பு, 100 டாலர் அபராதம். ஐந்தாம் நாள் இதே ஊரில் பிரையன் தூக்கத்தில் இறந்துபோனார். 50 டாலருக்கு மேல் அபராதம் என்றால் ஜூரிதான் விதிக்க வேண்டும், நீதிபதி விதித்தது செல்லாது என்று 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் மட்டும் 1967 வரை இருந்தது.

இந்த வழக்கை வைத்து எழுதிய 'இன்ஹெரிட் தி விண்ட்' நாடகத்தில் ஆசிரியர் சிறையில் கிடக்கிறார். உண்மையில் ஸ்கோப்ஸ் ஒரு நாளும் சிறையில் இருக்கவில்லை. உலகம் டேட்டனை மூடர்களின் ஊராக நினைவில் வைத்திருப்பதற்கு அந்த நாடகமும், ஊர் மக்களை ஏளனம் செய்து எழுதிய மென்கன் போன்ற பத்திரிகையாளர்களும் காரணம். இன்று புல்வெளியில் பிரையனுக்கும் டாரோவுக்கும் சிலைகள் இருக்கின்றன. பிரையன் 2005-இல் வந்தார், டாரோ 2017-இல்.

அக்டோபர் 17, வியாழன்

ரிச்லாண்ட் ஓடையோரமாக நடந்தேன். இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. பாதையோரம் பாசி படிந்த கல் சுவர்கள், மூடிய சுரங்க வாய்கள். டேட்டன் நிலக்கரி-இரும்புக் கம்பெனி 1880-களில் இங்கிலாந்துப் பணத்தில் எழும்பியது. மலையிலிருந்து கரி வந்தது, அதைச் சுட்டுக் கோக் ஆக்கினார்கள், ஊரில் ஊதுலைகள் இரும்பு உருக்கின. கோர்ட் கட்ட ஊருக்குத் தெம்பு வந்தது அந்தக் காலத்தில்தான்.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1895 டிசம்பரில் நெல்சன் சுரங்கம் வெடித்து 28 பேர் செத்தார்கள், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால். 1901-இல் ரிச்லாண்ட் சுரங்கத்தில் 20 பேர். அடுத்த ஆண்டே மறுபடி நெல்சனில் 16 பேர். 1913-இல் கம்பெனி திவாலானது. வேலை போனவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். 1925-இல் மீந்திருந்தவர்கள் சுமார் 1,800 பேர். மருந்துக்கடை மேசையில் பேசியவர்களைப் பிழைப்புக்கு வழி தேடியவர்களாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது. விளம்பரப் பித்து என்று எழுதுகிறவர்கள் இந்த ஓடைப்பக்கம் வந்திருக்க மாட்டார்கள்.

அக்டோபர் 19, சனி

இப்போது ஊருக்குச் சோறு போடுவது சாய்வு நாற்காலித் தொழிற்சாலை, 2019-இல் திறந்த பின்லாந்து டயர் கம்பெனி, கவுண்டியின் வடபகுதியில் வாட்ஸ் பார் அணுமின் நிலையம். சிக்கமாகா அணை தேக்கிய நீரில் மீன் பிடிக்க வெளியூர்க்காரர்கள் படகோடு வருகிறார்கள். மே மாதத்தில் ஸ்ட்ராபெர்ரி திருவிழா நடக்கிறது, 1947-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் இந்தக் கவுண்டியின் பழம் ரயிலேறி வடக்கே போனது.

பன்னிரண்டு நாள் வழக்கை வைத்து ஓர் ஊரை எடைபோடுவது நியாயமில்லை. டேட்டன் வருகிறவர்கள் கோர்ட்டையும் அதன் கீழ்த்தள அருங்காட்சியகத்தையும் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். ரிச்லாண்ட் ஓடைக்கும் போங்கள். வழக்கில் வந்த இருவருக்குச் சிலை இருக்கிறது. மூன்று வெடிப்பில் செத்த 64 பேரின் சுரங்கங்கள் அங்கேதான் இருக்கின்றன.