உப்பளத்தில் ஒரு திருநாள்

"ஸார், ஜனவரி 26-ந் தேதிக்கு அப்படி என்ன விசேஷம்?"

கொடியேற்றி, வந்தனம் செய்து, மிட்டாய் வழங்கி முடிந்திருந்த சமயம். பிள்ளைகள் மைதானத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டான். "அன்றுதானப்பா நமது அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது" என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். பையன் விடவில்லை. "சட்டத்தை 1949 நவம்பர் 26-ந் தேதியே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று புஸ்தகத்தில் இருக்கிறதே? பிறகு எதற்காக இரண்டு மாதம் காத்திருந்தார்கள்?" என்றான்.

நல்ல கேள்வி. இருபது வருஷமாக அந்தக் கொடிக் கம்பத்தின் கீழ் நிற்கிற எனக்கு, என் மாணவர்களுக்கு நானாகவே சொல்லியிருக்கவேண்டிய விஷயம்.

1929-ம் வருஷக் கடைசியில், ராவி நதிக்கரையில் லாகூர் காங்கிரஸ் கூடிற்று. பூரண சுயராஜ்யமே நமது இலக்கு என்று தீர்மானமாயிற்று. மறு மாதம் 26-ந் தேதியன்று ஊர்தோறும் ஜனங்கள் கூடி அந்தப் பிரதிக்ஞையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. அன்று ஞாயிற்றுக்கிழமை, உத்தியோகத்துக்குப் போகிறவர்களும் கூட்டத்துக்கு வர முடியும். அது முதல் பதினேழு வருஷ காலம் அந்த நாளைத்தான் தேசத்தார் சுதந்திர தினம் என்று அழைத்து வந்தார்கள். சுதந்திரம் கைக்கு வராத காலத்தில் சுதந்திர தினம்! தடியடிக்கும் சிறைக்கும் நடுவே அதைக் கொண்டாடினார்கள்.

பிறகு 1947-ல் சுதந்திரம் வந்தபோது வேறு நாளில் வந்துவிட்டது. ஆகஸ்டு 15-ஐத் தேர்ந்தெடுத்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. யுத்தத்தில் ஜப்பான் சரணடைந்த இரண்டாவது ஆண்டு நிறைவு நாள் அது என்பது அவருக்கு முக்கியமாகப் பட்டது. நமது பழைய சுதந்திர தினம் அநாதையாய் நின்றது. அதற்கு ஒரு வீடு கொடுப்பதற்காகவே அரசியல் சட்டத்தை 1950 ஜனவரி 26 வரையில் காக்க வைத்தார்கள். ஆகவே நம்முடைய இரண்டு பெரிய தேசீயத் திருநாட்களில் ஒன்று ஆள வந்தவர் குறித்துக் கொடுத்தது. மற்றொன்று நாமே குறித்துக்கொண்டது.

இவ்வளவையும் பையனுக்குச் சொன்னேன். அவன் திருப்தியுடன் பந்து விளையாடப் போய்விட்டான். எனக்குத்தான் திருப்தி உண்டாகவில்லை. புது வருஷக் காலண்டர் வந்ததும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது, குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து ஒரு விடுமுறை வீணாகிறதா என்பதைத்தான். பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? ஆசிரியர்கள் அறையிலும் அதே ஆராய்ச்சிதான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சௌகரியமாக இருந்த ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் துக்கம் தருவதாக ஆகிவிட்டது. லீவு இல்லாத ஒரு தேசீய நாளை எங்கேயாவது ஜனங்கள் இன்னும் கொண்டாடுகிறார்களா, அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பிறந்தது. அப்படிப்பட்ட நாள் ஒன்று எனக்குத் தெரியும்: ஏப்ரல் 30. இடம், வேதாரண்யம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் போகிறது. பல வருஷங்கள் ரயிலே இல்லாமலிருந்து, அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் மறுபடி திறக்கப்பட்ட பாதை, 37 கிலோமீட்டர். வண்டி தென்னந்தோப்புகளுக்கு நடுவே செல்கிறது. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் இந்தப் பக்கத்துத் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இப்போது பல இடங்களில் இளங்கன்றுகளே நிற்கின்றன. குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று ஸ்டேஷன்களின் பெயர்களே அழகாயிருக்கின்றன. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வருகிறவனுக்கு, இதே திக்கில் மனிதர்கள் நடந்து வந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்வது அவ்வளவு சுலபமல்ல.

ராஜாஜி திருச்சிராப்பள்ளியை விட்டுக் கிளம்பியது 1930 ஏப்ரல் 13-ந் தேதி. அந்தத் தேதியும் யோசித்து வைத்ததுதான். தமிழ் வருஷப் பிறப்பு. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த நாளும் அதுவே. டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை இதற்கென்றே இயற்றிய நடைப்பாட்டு அவர்கள் வாயில் இருந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நூற்றைம்பது மைல். சித்திரை மாதத்து வெயில். தலைவருக்கு வயது ஐம்பத்தொன்று. தேக பலத்துக்குப் பெயர் போனவரும் அல்ல.

அப்போது தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராயிருந்தவர் தார்ன் துரை. அவர் தொண்டர்களை அடித்து விரட்ட முற்படவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான வேலை செய்தார். இவர்களுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் ஆறு மாதம் சிறை என்று துண்டுப் பிரசுரம் போட்டும் தமுக்கு அடித்தும் ஊர் ஊராகப் பிரசித்தம் செய்தார். சோழ நாட்டில் வந்தவனுக்குச் சோறு போடாதே என்று உத்தரவு! கும்பகோணத்தில் பந்துலு ஐயர் பகிரங்கமாகவே விருந்தளித்துவிட்டுச் சிறைக்குப் போனார். அவ்வளவு துணிச்சல் எல்லோருக்கும் வருமா? குடும்பஸ்தர்கள் வேறு யுக்தி செய்தார்கள். தொண்டர்கள் வரும் சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்று மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர்களைப் போல் வீட்டுக்குத் திரும்பினார்கள். மரம் சோறு போட்டால் மரத்தை எந்தச் சட்டப்படி கைது செய்வது?

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தலைவர்களின் தைரியத்தைப் பற்றிப் புஸ்தகங்கள் இருக்கின்றன. பயந்துகொண்டே நல்லது செய்தவர்களைப் பற்றிப் புஸ்தகம் இல்லை. உச்சிப் பொழுதுக்கு முன் உலையேற்றி, இத்தனை பேர் பசிக்கு இவ்வளவு அரிசி என்று கணக்கிட்டு, புளிச்சோறாகக் கிளறிக் கட்டிக் கொடுத்த பெண்களின் பெயர்கள் எந்த ஸ்தூபியிலாவது பொறித்திருக்கிறதா?

வேதாரண்யத்தில் இறங்கியதும் நேரே கோவிலுக்குப் போனேன். திருமறைக்காடு என்று தேவாரம் அழைக்கும் ஊர் இது. வேதங்கள் பூஜித்து அடைத்துவிட்டுப் போன கதவு திறவாதிருக்க, அப்பர் பாடித் திறந்தார். சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது எல்லோரும் அறிந்த வரலாறு. எனக்கு அன்று மனத்தில் பதிந்தது இன்னொரு கதை. சந்நிதியில் தூண்டாமணி விளக்கு ஒன்று மங்கி எரிந்துகொண்டிருந்ததாம். நெய்க்கு ஆசைப்பட்ட எலி ஒன்று அதில் மூக்கை நுழைத்தது. சுடர் பட்டுத் துள்ளியதில் திரி தூண்டப்பட்டு விளக்குப் பளிச்சென்று எரிந்தது. அந்தப் புண்ணியத்தால் எலி மறு பிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாய்ப் பிறந்தது. எலிக்குப் பக்தியும் இல்லை, ஞானமும் இல்லை, நெய்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் விளக்கு எரிந்ததல்லவா? மிட்டாய்க்காகக் கொடியடியில் வந்து நிற்கும் என் மாணவர்களின் ஞாபகம் எனக்கு வந்தது. அவர்களிடம் கொஞ்சம் கோபம் குறைந்தது.

மறுநாள் காலையில் ஊர்வலம். வேதாரண்யத்தில் உள்ள நினைவுக் கட்டிடத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி ஸ்தூபிக்கு நடந்து போகிறார்கள். 1930-ல் இதே நாள் விடியற்காலையில் ராஜாஜியும் சில தொண்டர்களும் நடந்த பாதை அது. வேதாரண்யத்தில் அவர்களுக்கு ஆதரவாயிருந்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அதற்காகச் சிறையும் சொத்து நஷ்டமும் அடைந்தவர். பின்னால் 1946-ல் அவர் பெண் குழந்தைகளுக்காக ஸ்தாபித்த கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலம் இந்த ஊரில் உள்ள மிக நல்ல ஞாபகச் சின்னம் என்று நான் சொல்லுவேன். கல்லால் ஆன சின்னங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள்தான் வேலை.

வைரப்பன் என்ற நாவிதரைப் பற்றியும் ஊரார் மறக்காமல் சொல்லுகிறார்கள். முகக்ஷவரம் செய்துகொள்ள வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும், கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுபோய் நிறுத்தியும் மீதிப் பாதியைச் சிரைக்க அவர் இணங்கவில்லை. ஆறு மாதம் சிறை கிடைத்தது. ராஜாஜிக்குக் கிடைத்ததும் ஆறு மாதம்தான்.

ஊர்வலத்தில் சுமார் இருநூறு பேர் இருந்திருக்கலாம். கதர்க் குல்லாய் அணிந்த முதியவர்கள் சிலர், பள்ளிப் பெண்கள், ஸெல்போனில் படம் பிடித்தபடி நடந்த இளைஞர்கள் பலர். ஸ்தூபிக்கு மாலை போட்டார்கள். பேச்சுக்கள் நடந்தன, இன்னும் சற்றுச் சுருக்கமாக நடந்திருக்கலாம். பிறகு தலைக்கு ஒரு பிடி உப்பு அள்ளினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் கூட்டம் சேர்ந்தது. இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று எனக்குத் தோன்றாமலில்லை.

கூட்டம் கலைந்த பிறகு உப்பளத்தின் வரப்பில் சிறிது தூரம் நடந்தேன். இந்த வட்டாரத்தில் சுமார் 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி இதுதான். கண்ணுக்கு எட்டிய வரையில் சதுரம் சதுரமாகப் பாத்திகள். பாத்தியில் விட்ட உவர்நீர் வெயிலில் சுண்டிச் சுண்டி அடியில் உப்பாகப் படிகிறது. நீண்ட கழியில் பூட்டிய மரப்பலகையால் அதை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். குவியல்களின் மேல் கீற்று வேய்ந்திருக்கிறது. விடியுமுன் இறங்கினால்தான் வெயில் ஏறுமுன் கரையேறலாம். உப்பு நீரிலேயே நிற்பதால் பாதம் வெடித்துப் போகிறது. வெள்ளை வெளேரென்று எதிரடிக்கும் ஒளியில் கண் கூசிப் பழுதாகிறது. மழை பெய்தால் அத்தனையும் கரைந்து பழையபடி முதலிலிருந்து ஆரம்பம். ஏப்ரல் 30-ந் தேதி இவர்களுக்கு மும்முரமான விளைச்சல் காலம். லீவு ஏது?

ஓர் அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அறுபது வயதுக்கு மேலிருக்கும்.

"அங்கே என்ன கூட்டம் என்று தெரியுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்னங்கய்யா? வருசா வருசம் வருவாங்க. ஒரு கை உப்பு அள்ளுவாங்க, போட்டோ எடுத்துக்குவாங்க, போயிடுவாங்க" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "நாங்க தெனமும் அள்ளுறோம். எங்களை ஒருத்தரும் போட்டோ எடுக்கலை" என்றாள்.

எனக்கு வெட்கமாயிருந்தது. பேச்சை மாற்ற எண்ணி, அந்தக் காலத்தில் இப்படி உப்பு அள்ளியதற்காகச் சர்க்கார் ஜெயிலில் போட்டதைச் சொன்னேன்.

"அடுத்தவன் பாத்தியிலே அள்ளினா புடிக்கத்தானே செய்வாங்க? அது யாரு பாத்தி?" என்றாள்.

இந்தக் கேள்வியை எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை.

"யாருடைய பாத்தியும் இல்லை, அம்மா. கடல் தண்ணீர் ஏறி வற்றுகிற சதுப்பு நிலத்தில் தானாகப் பூத்துக் கிடந்த உப்பு. அதையும் சர்க்காரைக் கேளாமல் எடுக்கக் கூடாதென்று சட்டம். எடுக்கிறவர்களைப் பிடிப்பார்கள். ஜனங்கள் எடுத்துவிடாதபடி பூத்த உப்பை அழிப்பதும் உண்டு. ஏழையும் பணக்காரனும் வரி கட்டிய உப்பைத்தான் வாங்கவேண்டும். 1947-ல்தான் அந்த வரி போயிற்று."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. "பூத்த உப்பை அழிப்பாங்களா?" என்றாள். மறுபடியும், "தானாப் பூத்ததையா?" என்றாள்.

உப்பு விளைவிக்க எவ்வளவு பாடு என்று அறிந்தவளுக்கல்லவா, விளைந்த உப்பைப் பாழாக்குவது எப்படிப்பட்ட பாவம் என்று தெரியும்? சட்டப் புஸ்தகத்திலிருந்து நான் வருஷக் கணக்கில் விளக்கி வந்த அநியாயம், அவளுக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது. தூரத்தில் ஸ்தூபியின் பக்கம் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்தக் காலத்துல நடந்து வந்தாங்களே, அவங்களுக்கு யாரு சோறு போட்டா?" என்று கேட்டாள்.

மரக்கிளையில் தொங்கிய மூட்டைகளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கூடையை எடுத்தாள். அடுத்த பாத்தியில் நின்ற இளம்பெண்ணைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அவளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். நான் சொல்லாத ஊறுகாய் ஒன்றும் அந்த மூட்டையில் சேர்ந்திருந்தது.

அகஸ்தியம்பள்ளி ஸ்டேஷனுக்கு நான் வந்து சேர்ந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது.