படத்தின் பின்புறம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்குகிறது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு எங்களைக் காண வருவோர் அனைவரும் அதன் முன்புறத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் எழுதப்போவதோ அதன் பின்புறத்தைப் பற்றி.

என் அத்தா சென்னையில் சினிமா பேனர் எழுதும் நிறுவனமொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். அவரை ஓவியர் என்று எண்ணிவிட வேண்டாம். மரச்சட்டங்களைப் பொருத்தி, துணியை விறைப்பாக இழுத்து ஆணியடித்து, வெள்ளைப் பூச்சுப் பூசி ஓவியர் கையில் ஒப்படைப்பதே அவர் பணி. அண்ணா சாலையில் உயர்ந்து நின்ற நடிகர்களின் முகங்களை ஊரே அண்ணாந்து பார்த்தது. அந்த முகங்களைத் தாங்கி நின்ற சட்டங்களை யார் பார்த்தார்கள்?

பள்ளியில் ஆசிரியர், “உன் அத்தாவுக்கு என்ன வேலை?” என்று கேட்டபோது, “ஓவியர்” என்று பொய் சொன்னேன். கட்டணம் செலுத்த வந்த அத்தா அப்போது வகுப்பு வாசலில் நின்றிருந்தார். அவர் மறுக்கவுமில்லை, கடியவுமில்லை. வீடு திரும்பும் வழியில் வழக்கம்போல் வறுத்த கடலை வாங்கித் தந்தார். அந்தக் கடலை இன்றும் என் தொண்டையில் நிற்கிறது.

2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் ப்ளெக்ஸ் அச்சு பரவி, கையால் எழுதும் பேனர்களை ஓரங்கட்டியது. அத்தாவின் சுத்தியலும் ஓய்ந்தது. சில ஆண்டுகளில் அவரும் ஓய்ந்தார். எஞ்சியது, எழுதி முடிக்காத பேனர் ஒன்றின் அருகே அவர் நிற்கும் ஒரு புகைப்படம். சென்ற ஆண்டு அதைப் பெரிதாக்கிக் கித்தானில் அச்சிட்டு வாங்கினேன். “சட்டத்தில் ஏற்றித் தரட்டுமா?” என்று கடைக்காரர் கேட்டார். துணி இழுத்தவரின் மகன் அதற்குக் கூலி கொடுப்பதா? சுருளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

எங்கள் ஊரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையைச் சுற்றித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அயல்நாடுகளிலிருந்து இயந்திரப் பாகங்களைச் சுமந்துவரும் பெட்டிகள் பெரும்பாலும் பைன் மரத்தாலானவை. பிரித்த பலகைகள் பழைய மரக்கடைகளுக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் கோதுமைக் கதிர் முத்திரையும், ‘எச்.டி.’ என்ற எழுத்துகளும் இருக்கும். மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் இருந்தது, பூச்சிகள் நாடுவிட்டு நாடு போகா என்பதற்கு அதுவே உறுதி. அத்தகைய பலகையில் தச்சர் ஒருவர் எனக்கு 24 அங்குல அகலமும் 36 அங்குல உயரமும் கொண்ட சட்டம் செய்து தந்தார். நான்கு முனைகளையும் 45 பாகையில் சீவி இணைத்திருந்தார். கித்தான் மரத்தில் படிந்தால் முன்புறத்தில் கோடு விழும்; ஆகவே சட்டத்தின் முகத்தை உட்பக்கம் சரிவாக இழைத்திருந்தார்.

வேலை எளிதென்று எண்ணினேன். கித்தானைக் கவிழ்த்து, சட்டத்தை மேலே வைத்து, ஒரு பக்கத்தை முழுவதும் ஸ்டேப்ளரால் அடித்து முடித்தேன். பிறகு எதிர்ப்பக்கத்தை வலுவாக இழுத்து ஒரு மூலையிலிருந்து அடித்துக்கொண்டு போனேன். நிமிர்த்திப் பார்த்தால் அத்தாவின் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு சுருக்கம்! மூலைவிட்டங்களை அளந்தேன். இரண்டும் ஏறத்தாழ 43¼ அங்குலம் இருக்க வேண்டும். ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் இருந்தன. என் இழுப்பில் சட்டமே கோணிவிட்டது.

அடித்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்பொழுதுதான் சிறுவயதில் பார்த்தும் பாராமல் விட்ட ஒரு காட்சி மனத்தில் எழுந்தது. அத்தா ஒருபோதும் மூலையில் தொடங்கமாட்டார். ஒரு பக்கத்தின் நடுவில் ஓர் ஆணி. அதற்கு நேர் எதிரே ஓர் ஆணி. பிறகு மற்ற இரு பக்கங்களின் நடுவில். அதன்பின் நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செல்வார். எந்தப் பக்கமும் மற்றொன்றை மிஞ்சி இழுக்காது; சுருக்கமெல்லாம் வெளியே தள்ளப்பட்டு விளிம்பில் மடிந்து மறையும். மூலைகளை மட்டும் கடைசியில், போர்வை மடிப்பது போல் மடித்து அடிப்பார்.

சட்டத்தை நேராக்கி, அவ்வாறே செய்தேன். மிகையாக இழுத்தால் அச்சுப் பூச்சு விளிம்பில் வெடிக்கும்; தளர்ந்தால் துணி தொய்யும். முடித்ததும் விரலால் பின்புறம் தட்டிப் பார்த்தேன். ரமளானில் சஹர் நேரத்தில் எங்கள் தெருவழியே பக்கீர் பாவா தட்டிச் சென்ற தப்ஸின் ஒலி போல் மெல்ல அதிர்ந்தது. அத்தாவும் இப்படித்தான் தட்டிப் பார்த்துவிட்டு எழுவார்.

விறைப்பான துணியின்மேல் தூரிகை ஓடுகிறது; தொய்ந்த துணியில் எந்தத் தூரிகையும் தடுமாறும். ஓவியரின் புகழில் அத்தாவின் பங்கு எவ்வளவு என்பதை, அந்தச் சுருக்கத்தைக் கண்ட பிறகே நான் உணர்ந்தேன். உணர்ந்ததைச் சொல்ல அவர் இல்லை.

அண்மையில் வந்த நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்து, “அத்தா ஓவியரா?” என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட அதே கேள்வி.

“இல்லை, சட்டம் அடித்துத் துணி இழுத்தவர்” என்றேன். பிறகு படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் பின்புறத்தை அவருக்குக் காட்டினேன்.